‘லூஸ் கான்டாக்ட்’ என்கிற கெட்ட வார்த்தை

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது வயித்தெரிச்சல்ல எழுதற பதிவு. எட்டாயிரம் ரூபா போச்சு. அதைக்கூட விடுங்க, அதோட சேர்ந்து திரும்பி வராத ஒரு சாமானும் போச்சு. அதை அப்புறம் சொல்றேன்.

நம்ம வண்டி 2004 மாடல். அப்பா வாங்கினது. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு, எஃப்.சி. எடுத்து, ஆர்.சி. புதுப்பிச்சு இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கேன். “இதை வித்துட்டு வேற எடுங்களேன்”னு தங்கமணி வருஷத்துக்கு ரெண்டு தடவை சொல்லும். நானும் வருஷத்துக்கு ரெண்டு தடவை காது கேக்காத மாதிரி இருப்பேன். (வீட்டுக்கு வீடு வாசப்படி.) எஞ்சின் நல்லா இருக்கு, ஏசி சுமாரா இருக்கு. போன சித்திரையில பாட்டுப்பெட்டி மட்டும் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது.

என்ன மக்கர்னா, வலது பக்க முன் ஸ்பீக்கர் திடீர்னு ஊமையாயிடும். பாட்டுல குரல் இருக்கும், வயலின் காணாமப் போயிருக்கும். கொஞ்ச நேரத்துல தானே வரும். சில நேரம் நாலு ஸ்பீக்கரும் மொத்தமா மவுனம். ஆனா டிஸ்ப்ளேல வெளிச்சம் இருக்கும், நம்பர் ஓடிக்கிட்டிருக்கும். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா உயிர் வரும். ஒரு வாரம் ஒழுங்கா பாடும். யாரையாவது கூட்டிட்டுப் போய் காட்டினா அன்னிக்கு மட்டும் சமத்தா பாடும். ஸ்கூலுக்கு லீவு சொன்னவுடனே ஜுரம் விடற பையன் மாதிரி.

முதல் கடை. பெரிய கடைதான், பேர் வேண்டாம். தம்பி ஒருத்தர் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்தார். “லூஸ் கான்டாக்ட் சார். ஸ்பீக்கர் வீக் ஆயிருக்கு, ஜோடியா மாத்திடுங்க.” 2,200 ரூபா. ரெண்டு நாள் பாடுச்சு. மூணாம் நாள் மறுபடி ஊமை.

ரெண்டாவது கடை. “ஸ்பீக்கர்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. செட்டுல லூஸ் கான்டாக்ட். இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது சார், கேசட் போடற செட்டு. மியூசியத்துல வைங்க.” சிரிச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு. புதுசு 6,300. பழசை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிட்டு 500 கழிச்சார். ஒன்பது நாள் பாடுச்சு. பத்தாம் நாள் அதே வலது பக்கம், அதே ஊமை.

நடுவுல இன்னொரு கூத்து. ஒரு நாள் செட்டே மொத்தமா அணைஞ்சு போச்சு. ரோட்டோரமா ஒரு எலக்ட்ரீஷியன் கிட்ட நிறுத்தினேன். ஃப்யூஸ் போயிருக்குன்னார், மாத்தினார், பாடுச்சு, காசு கூட வாங்கல. நல்ல மனுஷன்னு நினைச்சேன். அவர் என்ன பண்ணினார்னு பின்னாடி தெரிஞ்சப்ப அடிவயிறு கலங்கிச்சு.

மூணாவது கடை. “செட்டுக்குப் பவர் பத்தல சார். அதான் கட்டாகுது. ஒரு ஆம்ப் போட்டுருவோம், ஒன்பதாயிரம் ஆகும்.” அங்கதான் எனக்கு ஞானம் பொறந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. ஸ்பீக்கரை மாத்தியாச்சு, செட்டை மாத்தியாச்சு, இன்னமும் அதே கதவுதான் ஊமை. அப்ப ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்குறது என்ன? வயர்! மூணு கடையில ஒருத்தர் கூட அந்த வயரைத் தொட்டுப் பாக்கல.

கண்டுபிடிச்சது யாருன்னு கேக்கறீங்களா? என் பொண்ணு. மூணாங் கிளாஸ். “அப்பா, நீ கோவமா கதவை அறைஞ்சா பாட்டு வருது. மெதுவா சாத்தினா வர மாட்டேங்குது.” அவ்வளவுதான். ரெண்டு மாசமா நானே கதவைச் சாத்திக்கிட்டிருக்கேன், எனக்கு உறைக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை 250 ரூபா கொடுத்து ஒரு மஞ்சக் கலர் மல்டிமீட்டர் வாங்கினேன். சாவியை எடுத்துட்டு, செட்டை வெளிய இழுத்து, வலது கதவுக்குப் போற ரெண்டு வயரையும் செட்டுல இருந்து பிரிச்சு மீட்டர்ல வெச்சேன். கதவு சாத்தியிருக்கும்போது 3.7 ஓம். சரியான கணக்கு. 4 ஓம்னு பின்னாடி அச்சடிச்ச ஸ்பீக்கர் மீட்டர்ல 3.2ல இருந்து 3.8க்குள்ள காட்டும், அதோட வயர் தடையும் கொஞ்சம் சேரும். பொண்ணைக் கூப்பிட்டு “கதவை மெதுவாத் திறடா செல்லம்”னேன். பாதி திறந்ததும் நம்பர் தாறுமாறா ஆடி, ஓரத்துல ஒத்தையா “1”னு நின்னுச்சு. இந்த மலிவு மீட்டர் பாஷையில அதுக்கு ‘இங்க இணைப்பே இல்லை’னு அர்த்தம். அடுத்து ஒரு முனையை ஸ்பீக்கர் வயர்லயும், இன்னொண்ணை வண்டி பாடியிலயும் வெச்சேன். அங்க எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. கதவை ஆட்டினா அப்பப்போ பீப் அடிக்குது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய் இருக்கும் பாருங்க, கதவுக்குப் போற வயரெல்லாம் அதுக்குள்ளதான். அதைப் பிதுக்கி இழுத்தேன். ஸ்பீக்கர் வயர் ஒண்ணு மேல்தோல் வெடிச்சு, உள்ள செம்பு பச்சை பூத்து, ரெண்டா அறுந்து கிடந்துச்சு. கதவை ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து மூடினா இருபது வருஷத்துல 73,000 தடவை. டிரைவர் கதவு வேற. அந்த ஒல்லி வயர் இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு.

நாலு ஸ்பீக்கரும் ஏன் சேர்ந்து செத்துச்சுங்கற மர்மமும் அங்கயே அவிழ்ந்துச்சு. இப்ப வர்ற கார் செட்டுல ஸ்பீக்கரோட ரெண்டு வயருமே உயிரோட இருக்கற வயர்தான். மைனஸ்னு பேர் இருக்கே ஒழிய அது எர்த்து கிடையாது, ரெண்டு பக்கமும் சத்தம் போகும். அதுல எதுவாவது பாடியைத் தொட்டா செட்டுக்குள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயர் சில்லு தன்னைக் காப்பாத்திக்க வாயை மூடிக்கும், டிஸ்ப்ளே மட்டும் எரியும். அறுந்த முனை சும்மா தொங்கினா ஒரு ஸ்பீக்கர் ஊமை. கதவோட விளிம்பைத் தொட்டா நாலும் ஊமை. செட்டு கெட்டுப் போகவே இல்லைங்க. செட்டு நல்லா வேலை செஞ்சதுதான் ‘பழுதா’ தெரிஞ்சிருக்கு!

அறுந்ததை அங்கயே முறுக்கி ஒட்டினா நாலு மாசத்துல மறுபடி போயிடும். மடங்கற இடத்துல சோல்டர் வெச்சா அது விறைப்பாகி, பக்கத்துலயே உடையும். அதனால ரப்பருக்குள்ள வர்ற துண்டை முழுசா எடுத்துட்டு, மெல்லிய இழை நிறைய இருக்கற வயரைப் போட்டு, ஜாயின்ட் ரெண்டும் ரப்பருக்கு வெளிய, மடங்காத இடத்துல வர்ற மாதிரி சோல்டர் வெச்சு ஸ்லீவ் போட்டேன். வயர், ஸ்லீவ், ஈயம் எல்லாம் சேர்த்து 85 ரூபா. எட்டாயிரம் எங்க, எம்பத்தஞ்சு எங்க!

செட்டை இழுத்தப்ப பின்னாடி இருந்த கோலத்தையும் சொல்லணும். ரெண்டாவது கடையில பழைய பிளக்கை கத்தரிக்கோலால வெட்டிட்டு, வயர் வயரா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு டேப் பசை உருகி, வாழைத்தண்டு மாதிரி வழுக்கிக்கிட்டு தனியா கிடக்கு. எப்பவும் 12 வோல்ட் ஓடற மஞ்ச வயரோட ஜாயின்ட் அம்மணமா இருக்கு. அது பாடியில உரசித்தான் அன்னிக்கு ஃப்யூஸ் போயிருக்கு. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பாத்தா, சிவப்புக் கலர் 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்துல மஞ்சக் கலர் 20. “அடிக்கடி போகாது சார்”னு அந்த நல்ல மனுஷன் பண்ணின உபகாரம்! ஃப்யூஸ் இருக்கறது செட்டைக் காப்பாத்த மட்டும் இல்லைங்க, வயரைக் காப்பாத்த. 10க்குன்னு போட்ட வயர்ல 20 ஓடினா முதல்ல உருகறது ஃப்யூஸ் இல்லை, வயர். பின் சீட்டுல என் பொண்ணு உக்காந்திருந்தா. இதை நினைச்சா பாட்டாவது கூத்தாவதுன்னு இருக்கு.

இப்ப என் கேஸுக்கு வர்றேன், கனம் கோர்ட்டார் அவர்களே.

‘லூஸ் கான்டாக்ட்’ங்கறது ஒரு நோய் இல்லை. ஜுரம் மாதிரி ஒரு அடையாளம். எங்க லூஸ்? எந்த வயருக்கும் எந்தப் பின்னுக்கும் நடுவுல? இதுக்குப் பதில் இல்லாம ‘லூஸ் கான்டாக்ட், மாத்திடலாம்’னு சொன்னா, ‘எனக்குத் தெரியல, உங்க காசுல தேடிப் பாக்கறேன்’னு அர்த்தம். அதைக் கூட நேர்மையா சொன்னா ஒத்துக்கலாம். ஆனா புது சாமானைப் போட்டு பில் போடறாங்க பாருங்க, அதுதான் என் சண்டை. வயித்துவலின்னு போனவனுக்கு முதல் டாக்டர் குடலை மாத்தி, ரெண்டாவது டாக்டர் ஈரலை மாத்தினா சும்மா இருப்போமா?

“விட்டு விட்டு வர்ற பழுதைக் கடையில எப்படி சார் கண்டுபிடிக்கறது, இங்க வந்தா நல்லா பாடுதே”ன்னு ஒரு வாதம். சரி, வரலைன்னா வரவைக்கணும். கதவைப் பத்து தடவை ஆட்டு, கனெக்டரைப் பிடிச்சு அசை, பள்ளத்துல ஒரு ரவுண்டு ஓட்டு, ஹேர் டிரையரால சூடு காட்டு. சும்மா எதேச்சையா எந்தப் பழுதும் வர்றதில்லை. அதுக்குன்னு ஒரு நேரம் காலம் இருக்கும். நாலு கேள்வி கேட்டா பாதி வேலை முடிஞ்சுது:

டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணையுதா? அப்ப கரண்ட் வர்ற வழியைப் பாரு. கறுப்பு எர்த்து, மஞ்ச வயர், சாவி போட்டா உயிர் வர்ற சிவப்பு வயர், ஃப்யூஸ். கடிகாரமும் ஸ்டேஷனும் தினமும் மறந்து போகுதுன்னா மஞ்ச வயரைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

டிஸ்ப்ளே எரியுது, எல்லா ஸ்பீக்கரும் ஊமையா? எங்கயோ ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியைத் தொடுதான்னு பாரு. ஒவ்வொரு ஸ்பீக்கரா பிரிச்சு விட்டுப் பாத்தா குற்றவாளி மாட்டிக்குவான்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டுமா? செட்டு பின்னாடி இடது வலது வயர்களை மாத்திப் போடு. ஊமை இடது கதவுக்கு இடம் மாறினா செட்டு. அதே வலது கதவுலயே நின்னா வயர் இல்லைன்னா ஸ்பீக்கர். ஸ்பீக்கரைப் பிரிச்சு, ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடு. ‘டப்’புனு ஒவ்வொரு தடவையும் குதிச்சா ஸ்பீக்கர் அனேகமா நிரபராதி. மொத்தம் பத்து நிமிஷம்.

பென் டிரைவ்ல பாட்டு நல்லா வருது, ரேடியோ மட்டும் கரகரங்குதா? ஆன்டெனா. கூரை மேல திருகற குச்சியோட அடியில துரு, இல்லைன்னா செட்டு பின்னாடி பிளக் நழுவல். மொபைல் சார்ஜரையும் டேஷ் கேமராவையும் பிடுங்கிட்டு ஒரு தடவை கேளு, பாதி கரகரப்பு அதுலதான். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஙொய்ய்ங்’னு சுருதி ஏறினா ஆல்டர்னேட்டர் சத்தம் உள்ள வருது, எர்த்தைப் பாரு. செங்கல்பட்டு தாண்டிப் போகப் போக 101.4 தேய்ஞ்சுதுன்னா அது பழுதே இல்லை, தூரம். அதுக்கு யாரும் செட்டை மாத்திடாதீங்க சாமி.

இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் இதை எல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கற கைக்காரங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் நடக்க மாட்டேங்குது?

இங்கதான் கொஞ்சம் கசப்பான விஷயம். நம்மளாலதான்.

மூணாவது கடைக்காரர்கிட்ட அப்புறமா ஒரு நாள் போய் அந்த அறுந்த வயரைக் காட்டினேன். (ஆமா, வேணும்னுதான் போனேன்.) மனுஷன் அசரவே இல்லை. “சார், இதை நான் ரெண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடிச்சு எண்ணூறு ரூபா கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா? ஒரு வயர் ஒட்ட எண்ணூறான்னு கேட்டிருக்க மாட்டீங்க?”ன்னார்.

வாயை மூடிக்கிட்டேன். கேட்டிருப்பேன். சத்தியமா கேட்டிருப்பேன். கேட்டுட்டு இங்க வந்து ‘எண்ணூறு ரூபா வயர்’னு ஒரு பதிவும் போட்டிருப்பேன், நீங்களும் வந்து கும்மியடிச்சிருப்பீங்க.

6,300 ரூபா செட்டுக்குப் பேரம் பேசி 200 குறைச்சு சந்தோஷமா கொடுக்கற நாம, தேடறதுக்குக் காசு கொடுக்க மாட்டோம். டப்பா கையில வந்தாத்தான் நமக்குக் காசு கொடுத்த திருப்தி. மூளைக்கும் நேரத்துக்கும் பில்லுல ஒரு வரி கிடையாது. அப்ப கடைக்காரன் என்ன பண்ணுவான்? தேடற கூலியையும் டப்பா மார்ஜினுக்குள்ள ஒளிச்சு வைப்பான். கொஞ்ச நாள்ல தேடறதையே விட்டுருவான். தேடத் தெரியாத தம்பியே போதும்னு ஆயிடும். இதை நாமதான் ஊட்டி வளர்த்தோம்.

அதுக்காக அவர் சொன்னதை முழுசா ஒத்துக்கறேன்னு அர்த்தம் இல்லை. நான் கூலி தர மாட்டேன்னு அவரா முடிவு பண்ணி, எனக்குத் தேவையில்லாத ஆம்பை ஒன்பதாயிரத்துக்கு தலையில கட்டப் பாக்கறது வியாபாரம் இல்லை. ‘தேடறதுக்கு இவ்வளவு ஆகும், சம்மதமா?’ன்னு கேட்டுட்டு, நான் முடியாதுன்னா அனுப்பி வைக்கலாம். கேக்காமலே எனக்கு அல்பன் பட்டம் கட்டினது அவர் தப்பு. அல்பனா இருந்தது என் தப்பு. கணக்கு நேர்.

“பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க, புதுசுல ப்ளூடூத் இருக்கே”ன்னு ஒரு நண்பர் கேட்டார். ப்ளூடூத் வேணும்னா ப்ளூடூத்துக்காக வாங்குங்க, தாராளமா. மருந்துன்னு சொல்லி விக்காதீங்க. நான் செட்டு வாங்கப் போகல, பழுது பாக்கப் போனேன்.

அதனால இனிமே நான் மூணு விஷயத்துல கறாரா இருக்கப் போறேன், நீங்களும் இருங்க. ஒண்ணு, மாத்தறதுக்கு முன்னாடி காட்டு. இது கெட்டிருக்குன்னு என் கண்ணு முன்னாடி மீட்டர்லயோ, வேற ஸ்பீக்கரை மாட்டியோ நிரூபிச்சாத்தான் புதுசு. ரெண்டு, தேடற கூலியை முதல்லயே பேசி, கண்டுபிடிச்சா முணுமுணுக்காம கொடுக்கறது, அது 85 ரூபா வயரா இருந்தாலும். மூணு, வெட்டாதே. கம்பெனி பிளக்கை வெட்டாம மாட்ட இடைப் பிளக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஃப்யூஸும் எந்த நம்பரோ அதே நம்பர்தான். நீங்களே கை வைக்கறதா இருந்தா ஸ்டீயரிங் பக்கம் மஞ்சக் கனெக்டர் போட்ட வயரை மட்டும் தொட்டுடாதீங்க, அது ஏர்பேக். விளையாட்டு இல்லை.

கடைசியா, திரும்பி வராத சாமான். அந்தப் பழைய செட்டுக்குள்ள ஒரு கேசட் மாட்டியிருந்துச்சு. அப்பா கடைசியா போட்டது. 2011ல அவர் போனதுக்கப்புறம் நான் எஜெக்ட் பட்டனை அமுக்கவே இல்லை. வர மாட்டேங்குதுன்னு வீட்டுல சொல்லி வெச்சிருந்தேன். அமுக்கிப் பாத்ததே கிடையாது. எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கும்போது அது உள்ள இருக்குங்கறதே அந்த நிமிஷத்துல நினைவுல இல்லை. ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வந்துச்சு. மறுநாள் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி போய் நின்னேன். “அதெல்லாம் நேத்தே லாட்டுல போயிடுச்சே சார்.”

நல்லா இருந்த செட்டு அது. ஒரு பழுதும் இல்லாத செட்டு. 500 ரூபா.

டிஸ்கி: எல்லாக் கடைக்காரரையும் திட்டற பதிவு இல்லை இது. தேடிக் கண்டுபிடிக்கறவங்க உங்க ஊர்ல யாராவது இருந்தா அவங்ககிட்டயே போங்க, கேட்ட கூலியைக் கொடுங்க. நானும் அப்படி ஒரு பெரியவரைப் பிடிச்சிருக்கேன். போன வாரம் பின் கண்ணாடி ஹீட்டர் வேலை செய்யலன்னு போனேன். முக்கால் மணி நேரம் தேடி, ஒரு பின்னைச் சுரண்டி மாட்டி, “நானூறு கொடுங்க தம்பி”ன்னார். கொடுத்துட்டேன். பேரம் பேச நாக்கு நமநமன்னுச்சு, கடிச்சுக்கிட்டேன்.